குடியாத்தம் கம்யூனிஸ்ட் கோட்டையா, காமராஜர் தொகுதியா?

தம்பி கேட்டது இதுதான்: அப்பாவுக்குப் பூர்வீகம் குடியாத்தம். வீட்டில் ஒரு பெரியப்பா அதைக் காமராஜர் தொகுதி என்கிறார், இன்னொருவர் அது கம்யூனிஸ்ட் கோட்டை என்று சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி, அப்புறம் அது எப்போது ரிசர்வ் தொகுதி ஆனது?

இரண்டு பெரியப்பாவும் பாதிதான் சரி. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், ஆனால் நானும் அந்த ஊர்க்காரன், நெல்லூர்பேட்டையில் வளர்ந்தவன், ஊர்க்கதை என்றால் எனக்கு வாய் நிற்காது.

முதலில் காமராஜர். 1952 தேர்தலில் அன்றைய சென்னை மாகாணத்தில் மொத்தம் 375 இடம், காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. மெஜாரிட்டி இல்லை. ராஜாஜி தேர்தலில் நிற்காமலே, கவர்னர் நியமனத்தில் மேல்சபைக்குள் வந்து முதல்வரானார். ஆட்சியை நிறுத்த ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது கைகொடுத்தவர்களில் முக்கியமானவர் நம்ம வடாற்காட்டு மாணிக்கவேலு நாயக்கர், காமன்வீல் கட்சித் தலைவர். ஆறு எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு மந்திரியும் ஆனார். தென்னாற்காட்டில் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடம் வாங்கியிருந்தது, அது வேறு கதை. இன்றைக்குக் கூட்டணி பேரம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள், முதல் தேர்தலிலேயே இந்தப் பக்கத்து ஆறு பேர் ஒரு ஆட்சிக்கு முட்டுக்கொடுத்ததை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ராஜாஜி ஆட்சியைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி மட்டும் இல்லை, 1953ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம். பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம் போனால் போதும், மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது அது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். மெட்ராஸில் இருப்பவனுக்கு அது கொள்கை விவாதம். குடியாத்தத்தில் அப்படி இல்லை. பிச்சனூரிலும் தரணம்பேட்டையிலும் வீட்டுக்கு வீடு தறி ஓடிய காலம். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதே பெரிய பாடு, அவனை மத்தியானமே திரும்ப அனுப்பினால் அவன் தறிக்குழியில்தான் இறங்குவான், அப்புறம் ஏறமாட்டான். எங்க தாத்தா அப்படி இறங்கினவர்தான். அவர் காலத்தில் திட்டமே தேவைப்படவில்லை, வறுமையே போதுமானதாக இருந்தது.

1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதல்வர் ஆனார். அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. ஆறு மாதத்துக்குள் சட்டசபைக்கோ மேல்சபைக்கோ உறுப்பினர் ஆகணும். ராஜாஜி மாதிரி மேல்சபை வழியாக நுழைந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க முடியாது. அவர் மக்களிடம் ஓட்டு வாங்கித்தான் உள்ளே போவேன் என்று இடைத்தேர்தலுக்கு வந்தார். வந்த இடம் குடியாத்தம்.

ஏன் அவர் விருதுநகர்ப் பக்கம் போகாமல் இங்கே வந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். இடம் காலியாக இருந்தது என்பது நேரான காரணம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குடியாத்தத்தில் அவர் சாதிக்கு ஓட்டே கிடையாது என்று சொல்லலாம். இங்கே வன்னியர், முதலியார், ஆதிதிராவிடர், முஸ்லிம், தெலுங்கு பேசுகிறவர்கள் என்று கலவையான ஊர். ஒரு முதலமைச்சர், பதவிக்கு வந்த பிறகான தன் முதல் பரீட்சையைத் தன் சாதிக்காரர்கள் இல்லாத ஊரில் எழுதினார், இன்றைக்கு அப்படி ஒரு தலைவர் துணிவாரா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வருவதற்கு முன்னாலேயே கல்வித் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. பெரியார் ஆதரவு. அண்ணாவும் வாழ்த்தி எழுதினார். திமுக போட்டியிடாமல் விட்டுக்கொடுத்தது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள், அதில் ஒரு சின்னத் திருத்தம்: திமுக அப்போது எந்தத் தேர்தலிலுமே நிற்கவில்லை, அவர்கள் முதலில் நின்றது 1957ல்தான். எதிர்த்து நின்றவர்தான் உங்கள் இரண்டாவது பெரியப்பாவின் நாயகன், கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே. கோதண்டராமன்.

இந்த இடத்தில் எங்க தாத்தா கதையைச் சொல்லியே ஆகணும். அவர் நெசவாளர் சங்கத்து ஆள். கைலி நெய்வார், கூலிப் போராட்டம் என்றால் முன்னால் நிற்பார். அந்தக் காலத்தில் ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. மறைப்புக்குள்ளே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு இரும்புப் பெட்டி, பெட்டி மேலே சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வரணும். தாத்தா அதை ‘மாட்டுப் பெட்டி’, ‘கதிர்ப் பெட்டி’ என்றுதான் சொல்வார். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். “சங்கம் கதிருடா, ஆனா அன்னைக்கு நான் மாட்டுப் பெட்டியிலதான் போட்டேன்” என்று அவர் ரொம்ப வருஷம் கழித்து, பாட்டி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார். பாட்டி கட்சி அப்படி. ஏன் தாத்தா என்றதற்கு, “முதல் மந்திரியே நம்மூருக்கு எம்.எல்.ஏ.வா வரேன்றாரு, வேணாம்னு சொல்ல நான் என்ன கிறுக்கனா?” என்றார்.

காமராஜர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். உங்கள் முதல் பெரியப்பா சொல்வது இதோடு சரி. ஆனால் அவர் குடியாத்தத்துக்கு எம்.எல்.ஏ.வாக இருந்தது மூன்று வருஷம்கூட நிறையவில்லை. 1957லும் 1962லும் அவர் நின்று ஜெயித்தது சாத்தூரில். (எங்க ஊருக்குக் குட்டி சிவகாசி என்று பெயர், தீப்பெட்டித் தொழில் அவ்வளவு. ஒரு தீப்பெட்டி ஊரில் ஆரம்பித்து இன்னொரு தீப்பெட்டிச் சீமைக்குப் போனார் என்று ஊரில் கிண்டலாகச் சொல்வதுண்டு.)

அவர் போன பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 1957ல் அதே கோதண்டராமன், மூன்று வருஷத்துக்கு முன் முதலமைச்சரிடம் தோற்றவர், அதே குடியாத்தத்தில் ஜெயித்தார். மாநிலம் முழுக்கக் காங்கிரஸ் அலை, கம்யூனிஸ்டுகளுக்கு மொத்தமே 4 இடம், அதில் ஒன்று இது. கோட்டை என்ற பேச்சு இங்கே பிறந்ததுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்போது குடியாத்தம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ., அதில் ஒரு இடம் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கியது. ஓட்டாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக்கூடாது. 1957ல் குடியாத்தம் ஒரு கையில் கோதண்டராமனையும் இன்னொரு கையில் காங்கிரஸின் டி. மணவாளனையும் தேர்ந்தெடுத்தது. தாத்தா அந்தத் தேர்தலில் என்ன செய்தார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவரே சிரித்தார்: ஒன்று கதிருக்கு, ஒன்று மாட்டுக்கு. ஊர் முடிவும் அதேதான். இந்த இரட்டை முறையை 1961ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே, ஒரே சீட்டு என்றானதும், காங்கிரஸ் மணவாளன்தான் ஜெயித்தார்.

1964ல் கம்யூனிஸ்ட் கட்சி சி.பி.ஐ., சி.பி.எம். என்று இரண்டானது. கோதண்டராமன் சி.பி.எம். பக்கம். 1967ல் திமுக கூட்டணியில் நின்று ஜெயித்தார். 1971ல் சி.பி.எம்.முக்கு மாநிலத்தில் ஒரு இடம்கூட இல்லை, குடியாத்தமும் போச்சு. 1977ல் எம்.ஜி.ஆரோடு கூட்டணி, கோதண்டராமன் மறுபடியும் உள்ளே. 1980ல் அதே கூட்டணி, அதே கட்சி, ஆள் மட்டும் கே.ஆர். சுந்தரம். 1984ல் எம்.ஜி.ஆர். காங்கிரஸோடு போய்விட்டார், இந்திரா காந்தி கொலைக்குப் பிந்தைய அலை வேறு, காங்கிரஸின் ஆர். கோவிந்தசாமி ஜெயித்தார். 1989ல் சி.பி.எம். திமுகவோடு, சுந்தரம் மறுபடியும். 1991ல் ராஜீவ் கொலைக்குப் பிறகு அதிமுக – காங்கிரஸ் அலை, காங்கிரஸின் வி. தண்டாயுதபாணி. 1996ல் சி.பி.எம். மதிமுகவோடு சேர்ந்து நின்று காற்றுக்கு எதிரே போனது, திமுகவின் வி.ஜி. தனபால் வந்தார். 2001ல் அதிமுகவின் சி.எம். சூரியகலா. 2006ல் சி.பி.எம். திமுக பக்கம், ஜி. லதா. 2011ல் அதிமுக பக்கம் நின்ற சி.பி.ஐ.யின் கே. லிங்கமுத்து. 2016ல் இடதுசாரிகள் மக்கள் நலக் கூட்டணி என்று தனி வழி போனார்கள், சட்டசபையில் ஒரு இடமும் இல்லை, குடியாத்தம் அதிமுகவின் ஜெயந்தி பத்மநாபனுக்கு. 2021ல் திமுகவின் வி. அமுலு.

இந்தப் பட்டியலை வேகமாக ஓட்டினதற்குக் காரணம் இருக்கிறது. பெயர்களை விட்டுவிட்டுக் கூட்டணியை மட்டும் பாருங்கள். 1977லிருந்து 2021 வரை 11 பொதுத்தேர்தல். பதினொன்றிலும் குடியாத்தத்தில் ஜெயித்தவர் எந்தக் கூட்டணியோ, கோட்டையில் ஆட்சி பிடித்ததும் அந்தக் கூட்டணிதான். ஒன்றுகூட தப்பவில்லை. இடதுசாரிகள் ஜெயித்த ஐந்து தடவையும் (1977, 1980, 1989, 2006, 2011) அவர்கள் அந்தந்தத் தேர்தலில் ஆட்சி பிடித்த பெரிய கட்சியின் தோளில் இருந்தார்கள். தோளிலிருந்து இறங்கின 1996லும் 2016லும் ஊர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று மெட்ராஸ்காரனுக்கு முன்னாலேயே எங்க ஊர் டீக்கடைக்குத் தெரிந்துவிடும் என்று நாங்கள் பீற்றிக்கொள்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அதனால் கம்யூனிஸ்ட் கோட்டை என்பது பொய்யா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். தோள் கொடுக்கிற பெரிய கட்சி பல முறை “சரி, குடியாத்தம் உங்களுக்கு” என்று அவர்களுக்கு இந்தத் தொகுதியைப் பிரித்துக்கொடுத்ததே, அது சும்மா கிடைக்கவில்லை. தறிக்காரர், பீடி சுற்றும் பெண்கள், தீப்பெட்டிக் கம்பெனி ஆட்கள், இவர்களிடம் சங்கம் வேலை செய்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தை மடியில் முறம் வைத்து, இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடித்து விடுவார், பேச்சு மட்டும் நிற்காது. பண்டிலை எண்ணும்போது ஏஜெண்டு கழித்துப்போடுகிற பீடிக்கு யார் பஞ்சாயத்துக்கு வருவார்கள் என்றால் சங்கத்து ஆள்தான். அந்த மரியாதை ஓட்டாக மாற ஒரு பெரிய கட்சியின் கொடி பக்கத்தில் பறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சின்னக் குழப்பம் ஒன்று உண்டு. 2006ல் சுத்தியல் அரிவாள் நட்சத்திரம், 2011ல் கதிர் அரிவாள். ஒன்று சி.பி.எம்., ஒன்று சி.பி.ஐ. எங்க அம்மாவுக்குக் கடைசி வரை இரண்டும் ஒரே கட்சிதான். “அரிவா இருக்குதில்ல, அப்புறம் என்ன” என்பார்.

இன்னொன்றும் சொல்லணும், இதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. 2001, 2006, 2016, 2021, இந்த நாலு பொதுத்தேர்தலிலும் குடியாத்தம் தேர்ந்தெடுத்தது பெண்ணை. சூரியகலா, லதா, ஜெயந்தி, அமுலு. மூன்று வெவ்வேறு கட்சி. பெண்களுக்கு என்று ஒதுக்கிய தொகுதியும் கிடையாது. 2001லிருந்து 2021 வரையான ஐந்தில் நாலு தடவை பெண் எம்.எல்.ஏ. வந்த தொகுதி தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும், விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இப்போது ரிசர்வ் கேள்விக்கு வருகிறேன். 2008 தொகுதி மறுசீரமைப்பில்தான் இப்போதைய ஒதுக்கீடு வந்தது, நடைமுறைக்கு வந்த முதல் சட்டசபைத் தேர்தல் 2011. அதுவரை பக்கத்தில் பேரணாம்பட்டு என்று ஒரு தனித்தொகுதி இருந்தது. அதைக் கலைத்து, பேரணாம்பட்டு ஊரைக் குடியாத்தத்தோடு சேர்த்து, குடியாத்தத்தைத் தனித்தொகுதி ஆக்கினார்கள். கே.வி. குப்பம் என்று இன்னொரு தனித்தொகுதியும் புதிதாக முளைத்தது. ஆக, தோல் தொழில் ஊரான பேரணாம்பட்டும் தறி ஊரான குடியாத்தமும் ஒரே எம்.எல்.ஏ.வுக்குக் கீழே வந்தது இந்தக் கோடு மாற்றத்தால்தான். 2011ல் சி.பி.ஐ. ஜெயித்த குடியாத்தம், 2006ல் சி.பி.எம். ஜெயித்த குடியாத்தம் இல்லை, பெயர்தான் ஒன்று, எல்லை வேறு. கோட்டை கோட்டை என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அடுத்த கூத்து 2017. ஜெயந்தி பத்மநாபன் தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். அந்த செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் பதினெட்டு பேரையும் தகுதி நீக்கம் செய்தார். ஹைகோர்ட்டில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு, மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். அதுவரைக்கும் தொகுதிக்கு ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நிலை. எங்க தெருவில் சாக்கடை அடைத்து நின்றபோது, மனு எழுதி யாருக்கு ‘மாண்புமிகு’ போடுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாபகம் எனக்கு உண்டு.

இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18, எம்.பி. தேர்தலோடு சேர்த்து. ஆம்பூருக்கும் அன்றைக்கேதான். பூத்துக்கு இரண்டு மெஷின் வரணும், ஒன்று டெல்லிக்கு, ஒன்று மெட்ராஸுக்கு. ஏப்ரல் 16 சாயந்திரம் டிவியில் செய்தி: வருமான வரிச் சோதனையில் கோடிக்கணக்கில் பணம் பிடிபட்டதால் வேலூர் எம்.பி. தேர்தல் ரத்து. பணத்துக்காக ஒரு லோக்சபா தொகுதியின் தேர்தலையே நிறுத்தினது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. எம்.எல்.ஏ. இடைத்தேர்தல் மட்டும் நடக்கும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரே ஊர், ஒரே பூத், அதே ஓட்டாளர், எம்.பி.க்கு ஓட்டுப் போடும் அளவுக்குச் சுத்தமில்லை, எம்.எல்.ஏ.க்குப் போடும் அளவுக்குச் சுத்தம். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் ஒரு மெஷினில் பட்டனை அமுக்கிவிட்டு, “இன்னொன்னு எங்க?” என்று கேட்டு அங்கேயே நின்றார். அந்த அம்மா, பூத் அதிகாரி, “அது இல்ல தாத்தா, கேன்சலு” என்றதும், “என்னையவா கேன்சல் பண்ணாங்க?” என்று கேட்டுவிட்டு மெதுவாக வெளியே போனார்.

திமுகவின் காத்தவராயன் 27 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆகஸ்ட் 5 அன்று எம்.பி.க்குத் தனியாக ஓட்டு. வேலூர் முழுக்கச் சேர்த்து திமுகவின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில்தான் தப்பித்தார், குடியாத்தம் பகுதியில் முன்னணி வாங்கியவர் எதிரில் நின்ற ஏ.சி. சண்முகம். நாலு மாசத்துக்குள் ஒரே ஊர் இப்படியும் அப்படியும்.

காத்தவராயன் ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. 2020 பிப்ரவரி 28 அன்று காலமானார். முந்தின நாள்தான் திருவொற்றியூர் கே.பி.பி. சாமி போயிருந்தார். அடுத்தது கொரோனா, இடைத்தேர்தல் நடக்கவில்லை, 2021 மே வரைக்கும் தொகுதி சும்மா கிடந்தது. அந்தத் தேர்தலில் அமுலு ஜெயித்த வித்தியாசம் சுமார் 7 ஆயிரம். அந்த நவம்பரில் கௌண்டன்ய மகாநதியில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, நல்லவேளை, மனுவில் பெயர் எழுத ஒரு ஆளாவது இருந்தார்.

கோட்டை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1947ல் டெல்லி செங்கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி எங்க ஊர்த் தறியில் நெய்தது என்று குடியாத்தத்தில் பெருமையாகச் சொல்வார்கள். உங்கள் கம்யூனிஸ்ட் பெரியப்பாவுக்கு இதையும் சொல்லிவிடுங்கள், கோட்டை விஷயத்தில் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அப்பா எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லையே. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி ஒண்ணாம் தேதி வருகிற பழக்கம் உண்டென்றால் கேட்டு எழுதுங்கள். பிச்சனூர்ப் பக்கம் என்றால், 1977ல் கோதண்டராமன் ஓட்டுக் கேட்டு வந்ததை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.